இறக்கம்

ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரித்தார்கள்.
தைபி கணவாய் மூச்சை வாங்கிவிடும் என்றார்கள்.
வாங்கியது.
உச்சியில் திருப்பிக் கொடுத்தது.
நின்று ஒரு வாழைப்பழம் தின்றேன்.
மஃபாத் பள்ளம் முழுக்க மேகம்.
இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டேன்.

ஃப்ளோரிஸ் சிரித்தான்.
நான்காம் கவுண்டரில் பில் போடுகிறவன்,
ஏழு தடவை இந்தத் தீவைக் குறுக்காக ஓடிக் கடந்தவன்.
"இனிமேல்தான் இருக்கிறது, ஐரின் வையாபூரி."

மார்லா வரை மரக்கட்டைப் படிகள்.
எவனோ தன் கால் நீளத்துக்குப் பதித்தது.
ஒவ்வொரு படியிலும் என் அறுபத்தெட்டு கிலோ
விழப் பார்த்தது.
தொடை பிடித்துக்கொண்டது.
பிறகு அவ்வளவையும் ஏறி,
சீலாவோ பக்கம் மறுபடி இறக்கம்.

பிடிப்பதென்றால் என்னவென்று அப்புறம்தான் படித்தேன்.
தசைக்குள் இழைக்கு இழை கயிறிழுப்பு.
ஏறும்போது இழுக்கிறது, ஜெயிக்கிறது, சுருங்குகிறது.
இறங்கும்போதோ
தோற்றுக்கொண்டே இழுக்க வேண்டும்.
நீள நீள விடாமல்.
நூலிழைகள் அங்கங்கே அறுந்தாலும் விடாமல்.
தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் வேலை அது.
வடம் பிடிப்பவர்களைப் படம் எடுப்பார்கள்;
கட்டை போடுபவனுக்கு
விரல் பத்தும் மிஞ்சினால் போதும்.

திங்கட்கிழமை
சேன் லூயி கடையின் ஒன்பது படிகளை
முதுகுப்பக்கமாக இறங்கினேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு.
செவ்வாய் இன்னும் மோசம்.
நாற்காலியில் உட்கார்வதற்கு ஒரு திட்டம் தேவைப்பட்டது.
கவுண்டரின் கீழே கால்கள் தாமாக நடுங்கின.
தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்.
கோயில் தமிழ் வகுப்பில் முப்பது தடவை எழுதியது.
உறவைப் பற்றிய பழமொழியாம்.
எனக்கு அன்று நேர்ப்பொருளே போதுமாக இருந்தது.

வேலைக்கு ஆள் கூப்பிடுவதில்
முதுகுத்தண்டும் எங்கள் மேனேஜர் மாதிரிதான்.
முதலில் சின்ன இழைகள்.
சோப்பு, பிஸ்கட், ஒரு கட்டு கீரை,
நாள் முழுக்க நிமிர்ந்திருக்கும் முதுகு:
எல்லாம் அவர்கள் தலையில். முனகுவதில்லை.
இருபது கிலோ அரிசி மூட்டை வந்தால்தான்
உள்ளறையில் இருக்கும் பெரியவர்களை எழுப்புவது.
வருவார்கள், ஒரே மூச்சில் தூக்குவார்கள்,
உடனே களைத்துப்போவார்கள்.
தீனியும் அவர்களுக்கு அதிகம்.
அந்த வாரம் பெரியவர்கள் யாரும் வரவில்லை.
மூட்டை கொண்டுவந்தவர்களிடமே
திருப்பிக் காட்டுங்கள், கோடு எங்கே என்றேன்.

மூன்று வாரம் கழித்து அதே கணவாய்,
அதே கட்டைகள், அதே அறுபத்தெட்டு
(அறுபத்தெட்டரை என்றே வைத்துக்கொள்ளுங்கள்).
திங்கட்கிழமை கட்டிலில் கிடந்தபடி காத்திருந்தேன்.
ஒரு காலை மடக்கிப் பார்த்தேன். இன்னொன்றை.
ஒன்றுமில்லை.
வேண்டுமென்றே படிகளை இரண்டிரண்டாக இறங்கினேன்.
ஒன்றுமேயில்லை.
கொஞ்சம் ஏமாற்றம்கூட.

ஒரே ஒரு தடவை அடிபட்டதை வைத்து
அது தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது.
அறுந்த இடத்தைப் பழையபடி தைக்கவில்லை,
வேறு மாதிரி தைத்திருக்கிறது.
நரம்பும் சேதியை வேறு விதமாகப் பங்கிடுகிறதாம்.
எப்படி என்று முழுதாக யாருக்கும் தெரியாதாம்.
ரொனாலுக்கு மூன்று தடவை கடன் கொடுத்தவள் நான்.
என் தொடை என்னைவிடக் கெட்டிக்காரி
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் அதற்கும் மறதி உண்டு.
சில மாதம் இறங்காமல் இருந்துவிட்டால்
கற்றதைக் கைவிட்டுவிடும்,
முதல் பாடத்திலிருந்து மறுபடி அழவைக்கும்
என்றான் ஃப்ளோரிஸ், சீலாவோ பருப்பை
என் பக்கம் தள்ளிக்கொண்டே.

அதனால் மாதம் ஒரு ஞாயிறு ஏறுகிறேன்,
இறங்குவதற்காக.
உச்சியில் யாராவது மூச்சு வாங்க நின்று
இவ்வளவுதானா என்று கேட்டால்
பேசாமல் தள்ளி வழிவிடுகிறேன்.
வாழைப்பழத்தை இப்போதெல்லாம்
கீழே போய்த்தான் உரிக்கிறேன்.