முழங்கால் அளவு

படிவம் ஒன்பது, மூன்று நகல், செவ்வாய்க்குள்.
வரும் பருவம், பறவைகளுக்கு:
நன்று, சுமார், மோசம்.
ஏதேனும் ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்.

புரட்டாசி கடைசி. வாலிநோக்கம்.
கச்சான் இன்னும் கிளம்பவில்லை,
விருந்துக்கு வந்த மச்சானைப் போல
தெருமணலைக் கிளறிக்கொண்டு கிடக்கிறது.
சென்னையிலிருந்து அறிக்கை வந்திருக்கிறது:
மழை இயல்பைவிடக் குறைய
நாற்பத்தைந்து சதவீத வாய்ப்பு.
நாற்பத்தைந்து சதவீதம் என்பது
இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு
செருப்பைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது.

பாசி எடுத்துக் கரையேறிய நம்புச்செல்வியிடம் கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னாள்:
"அடித்தண்ணி இன்னும் வெதுவெதுன்னு கிடக்கு,
காய்ச்சக்காரப் புள்ள நெத்தி மாதிரி.
கொண்டல் எழும்புனாக் குளுரும்.
எங்க எழும்புது?"

உப்பளத்தில் ஹபீபு கனி
மேகமில்லாத பக்கமாகப் பார்த்துச் சிரித்தார்.
கார்த்திகை வரைக்கும் வாரலாம் அவருக்கு.
"எழுதும்மா, நன்றுன்னே எழுது."

யாருக்கு நன்று?
சித்திரங்குடிக் கண்மாய் நிறைந்தால்தான்
மஞ்சள்மூக்கு நாரை
கருவேல மரத்தில் முதல் குச்சி வைக்கும்.
போன வருஷம் எட்டு வந்தன.
காய்ந்த கண்மாயை இரண்டு சுற்று சுற்றிவிட்டு,
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள்போல
ஒன்றும் சொல்லாமல் போய்விட்டன.
அதே மழை கூடிவிட்டால்
இங்கே காயல் ஆழமாகும், பூநாரை நிற்காது.
தலைகீழாய் அலகைக் கவிழ்த்துத் தின்ன
அதற்குக் கால் எட்டும் தரை வேண்டும்.
புயல் வந்தால் கடல்தாழையைப் பிடுங்கிப் போகும்,
ஆவுளியா பசியோடு அலையும்.
புயலே வராவிட்டால்
ஓடைவாய் மணல்மூடிக் கிடக்கும்,
இறால்குஞ்சு உள்ளே நுழையாது,
மார்கழி முழுக்க உள்ளான்
வெறும் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும்.
ஒரே துணியில்
ஆளுக்கொரு அளவில் சட்டை கேட்கிறார்கள்.

மூன்று கட்டத்தையும் விட்டுவிட்டு
குறிப்பு என்றிருந்த இடத்தில்
பென்சிலால் எழுதினேன்:
சித்திரங்குடியில்
கூட்டுக்குக் கீழே ஆள் நிலைக்காத தண்ணீர்.
இங்கே, பூநாரையின் முழங்கால் வரை.
இரண்டுக்கும் நடுவே
இரண்டு பஸ் மாற வேண்டும்.
மழை அதையெல்லாம் பார்த்துப் பெய்ய வேண்டும்.

புதன் காலை ஆபீஸிலிருந்து போன்.
"முழங்கால்னா எத்தனை சென்டிமீட்டர்ம்மா?
சிஸ்டம் நம்பரைத்தான் எடுக்கும்."

பூநாரை இன்னும் வரவில்லை.
கட்ச் பக்கம் எங்கோ நின்று
அதுவும் யாரிடமாவது
இதையே கேட்டுக்கொண்டிருக்கலாம்.
மகனின் ஸ்கேலை எடுத்துக்கொண்டு
சேலையைத் தூக்கிச் செருகிக் காயலில் இறங்கினேன்.
என் காலிலேயே வைத்துப் பார்த்தேன்.
மூன்று வரைக்கும் எண்கள் தேய்ந்துபோயிருந்தன.
நான்கிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.
தண்ணீர், நம்பு சொன்னது சரிதான்,
வெதுவெதுவென்றே இருந்தது.