மூன்று விரற்கடை

படிவத்தின் முதல் கேள்வி: சேதமடைந்தது எது.
மேற்கு வாசல் என்று எழுதினேன்.
கட்டிய ஆண்டு கேட்டிருந்தது.
வளைவின் நடுக்கல்லில் ஓர் எண் உண்டு,
கடைசி இரண்டு இலக்கங்களை மழை தின்றுவிட்டது.
ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் என்று போட்டேன்.
மாவட்ட அலுவலகம் சொச்சத்தை ஏற்காது, தெரியும்.

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை,
போரா காற்று ஓய்ந்த மறுநாள்.
கிராட்ஸ் நகரத்துத் தம்பதி வாங்கிப்போட்ட,
வருடத்தில் பதினொரு மாதம் பூட்டியிருக்கும் வீட்டுக்கு
வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி ஏற்றிவந்த லாரி
வாசலுக்குள் தலையை விட்டு
அப்படியே நின்றது,
குடத்துக்குள் மூஞ்சியை விட்ட நாய் மாதிரி.
பின்னால் எடுத்தால் நடுக்கல் ஆடியது.

ஓட்டுநர் செனாஹித், போஸ்னியாக்காரர்.
இறங்கி அண்ணாந்து பார்த்துத்
தொப்பியைக் கழற்றினார்,
சாவு வீட்டில் கழற்றுவதுபோல.

எங்கள் இஸ்த்ரியா மலையூரில்
மதிலுக்குள் வர வேறு வாசல் கிடையாது.
தெருவும் ஒன்றுதான். பெயர்கள்தான் ஐந்து.
கழற்றிய பலகைகள் என் அலமாரியில் கிடக்கின்றன:
ஒரு பேரரசர், ஓர் அரசர், ஒரு தளபதி, ஒரு தேதி.
இப்போது மாட்டியிருப்பது ஒரு புனிதர்.
நாங்கள் மேலே என்போம், கீழே என்போம்.
யாரும் இதுவரை வழி தவறியதில்லை.

ஸ்வானே ஒரு கயிறு கொண்டுவந்தான்.
தூண் மண்டபத்துச் சுவரில்
வெனிஸ்காரர்கள் அடித்துவிட்டுப்போன இரும்பு முழக்கோல் இருக்கிறது,
துணி வாங்குபவர் ஏமாறாதிருக்க.
பக்கத்திலேயே, கள்ள அளவு அளந்தவனைக் கட்டிவைத்த தூண்;
இன்று அதில் யாருடைய சைக்கிளோ.
வாசலை அளந்தான், லாரியை அளந்தான்,
கோலில் வைத்துப் பார்த்தான்.
லாரி மூன்று விரற்கடை கூடுதல்.

சக்கரங்களில் காற்றை இறக்கினார்கள்.
இரண்டு விரற்கடை தாழ்ந்தது.
மிச்சம் ஒன்று.
எல்லாரும் அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு ஃபுமிட்சா, மாவு காயாத கையோடு,
"ஏறுங்க எல்லாரும்" என்றாள்.

குளிர்காலத்தில் மதிலுக்குள் பத்தொன்பது பேர்.
பதினெட்டுப் பேர் ஏறினோம்.
மணி அடிக்கும் புரூனோ ஒருவனே இரண்டு ஆள் எடை,
முதன்முறையாக அதற்காக அவனைப் பாராட்டினார்கள்.
ஒரு கிணற்றுக்காக இருபத்தாறு வருடம் பேசாத
ஸ்வானேயும் ரூடியும்
வேறு இடமில்லாமல்
தொட்டிக்குள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்,
முட்டியோடு முட்டி.
ஒண்டினா மட்டும் வரவில்லை. மாடி ஜன்னலிலிருந்து
"இடது, இடது" என்று கத்தினாள்.
இடதுபுறம் சுவர்.

வளைவுக்கு அடியில் ஒரு நிமிடம் இருட்டு.
கை நீட்டினால் கல்.
வைக்கோல் வண்டி கீறியது, மிடாக்கள் தேய்த்தது,
ஏதோ ராணுவ வண்டியின் பச்சைப் பெயின்ட்,
எல்லாவற்றுக்கும் மேலே கொத்தன் வெட்டிய சின்ன மீன்.
நாற்பது வருடமாக இதன் கீழே நடக்கிறேன்,
மீனை அன்றுதான் பார்த்தேன்.

வெளிச்சம். கைதட்டல். தொட்டி இறங்கியது.
தொட்டி இறங்கியதும் லாரி நிமிர்ந்தது.
செனாஹித் மறுபடி தொப்பியைக் கழற்றினார்.

ஆக, மறுபடி ஏறினோம்.
தொட்டியின் எடைக்குப் பதிலாக
தேவாலயத்து உப்பு மூட்டைகள், இரண்டு ஆடுகள்,
கடைசியாக ஒண்டினா,
தன் உடம்பு பத்தாது என்று
கால் மிதிக்கும் தையல் இயந்திரத்தையும் இழுத்துக்கொண்டு.

படிவத்தில் யார் பொறுப்பு என்ற கட்டம் இன்னும் காலி.
கீறல் ஒரு சாண் நீளம், ஆழமில்லை.

லாரி போனபின் சாலையோரம் நின்றது
தையல் இயந்திரம்.
ஆளுக்கொரு பக்கம் ஸ்வானேயும் ரூடியும் தூக்கினார்கள்.
பேசவில்லை.
வாசலுக்கு உள்ளே, ஈரக்கல் தொடங்கும் இடத்தில்
பின்னால் நடந்தவனுக்கு முன்னால் போனவன்
ஒரே ஒரு சொல் சொன்னான்:
"படி."