சீட்டின் பின்பக்கம்

புர்னோ நகரம், வெள்ளிக்கிழமை.
எட்டாம் எண் டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
கையுறையைக் கழற்றும்போதே
கணக்கு தயாராக இருந்தது:
காலையில் ஓர் ஆப்பிள்,
மதியம் முட்டைக்கோஸ் சூப், ரொட்டி இல்லாமல்,
மாலைக்கென்று மிச்சம் பிடித்தது
இரண்டு பீர்.
மிச்சம் பிடித்தேன் என்றுதான் சொல்கிறேன்,
சம்பளத்தில் பிடிக்கிற மாதிரி.

பதினோரு வாரம். ஆறு கிலோ நானூறு.
சீருடைப் பொத்தானை இப்போது
மூச்சை இழுக்காமலே போடுகிறேன்.

லுபோஷ் கேட்பதில்லை, கொண்டுவந்து வைப்பான்.
மேசையில் ஒரு சீட்டு.
ஒரு கோப்பைக்கு ஒரு கோடு, பென்சிலால்.
இந்த ஊரில் குடிப்பதற்குச் சாட்சி உண்டு,
அதை நம்பித்தான் உட்கார்ந்தேன்.

முதல் கோடு.
ஸ்தெனா தன் மருமகனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.
பக்கத்து மேசைக்குப் பொரித்த பாலாடைக்கட்டி போகிறது.
அந்த வாசனை என்னைத் தாண்டிப் போனது
நிறுத்தத்தில் நிற்காத டிராம் போல.
நான் கையைக்கூடக் காட்டவில்லை.

இரண்டாவது கோடு.
பசிக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்,
வயிறு ஒன்றும் கேட்கவில்லை.
ஆனால் உள்ளே, வாசலில், ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்,
பதினோரு வாரமாக 'வேண்டாம்' தவிர
வேறு வார்த்தை பேசாதவள்.
அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றியிருக்கிறேன் போல.
செருப்பைக் கழற்றினாள்,
காலை நீட்டிக்கொண்டாள்.
'ஒன்றுதானே' என்றாள்,
என் குரலிலேயே.

அந்த ஒன்றுக்கு இங்கே பெயர் 'மூழ்கிப்போனவன்'.
வினிகரில் வெங்காயத்தோடும் மிளகாயோடும்
நாள்கணக்கில் ஊறிய கொழுத்த சாஸேஜ்.
சாடியிலிருந்து லுபோஷ் இடுக்கியால் தூக்கும்போது
யாரையோ கரையேற்றுகிறான் என்றே தோன்றும்.
ஒருவனைக் கரையேற்றிவிட்டு
அடுத்தவனை எப்படி விடுவது?
வினிகருக்கு ரொட்டி வேண்டும்.
ரொட்டிக்கு உப்பு வேண்டும்.
உப்புக்கு
மூன்றாவது கோடு.

இருந்தது சோளப்பொரி அளவுப் பசி,
வந்துகொண்டிருந்தது யானைத் தீனி.

நான்காவது கோட்டில் வாக்குக் கொடுத்தேன்:
நாளைக்கு நடந்துவிடுவேன்,
ஷ்பில்பெர்க் குன்றை இரண்டு சுற்று.
நாளை எவ்வளவு பெரிய பாத்திரம்,
எதைப் போட்டாலும் கொள்கிறது.

ஐந்தாவது கோடு ஞாபகமில்லை.

சனிக்கிழமை.
குளியலறைத் தராசை நான் பார்க்கவில்லை,
அதுவும் கூப்பிடவில்லை.
கோட்டுப் பையில் எண்ணெய் ஏறிய சீட்டு.
நான்கு கோடு நின்றவாக்கில், ஐந்தாவது குறுக்கே,
தாழ்ப்பாள் போட்ட மாதிரி.
ஐந்தையும் நோட்டில் எழுதினேன்.
பீர் கணக்கை எப்போதும் எழுதிவிடுவேன்.
பீர்தான் என்னைக் குண்டாக்குகிறது என்று
பணிமனை முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

எறியப் போனவள்
சீட்டைத் திருப்பினேன்.
இத்தனை வருடத்தில் முதல் தடவை.

பின்பக்கம், லுபோஷின் சாய்ந்த எழுத்தில்:
மூழ்கிப்போனவன் மூன்று,
ரொட்டி ஏழு துண்டு,
ஊறிய பாலாடைக்கட்டி, மிளகாய் கூடுதலாக,
வாத்துக் கொழுப்பு, பொரித்த தோல் தூவி.
எல்லாம் என் வாய் வழியே போனவை.
ஒன்றின் ருசியும் நாக்கில் இல்லை.

கடைசி வரி:
உருளைக்கிழங்கு அப்பம், ஒன்று.
பக்கத்தில் சின்னதாக,
'பாதி நாய்க்கு.'

யாருடைய நாய்?

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பாதி அப்பத்துக்கு இதில் இடமில்லை.
காவல்காரி குறட்டை விட்ட அந்த நேரத்தில்,
ஐந்து கோடு தாண்டியும்,
என் கை எதையோ
என் வாய்வரை வந்து திருப்பியிருக்கிறது.

எந்தக் கை என்று
இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.