மஞ்சள் கோட்டுக்கு வெளியே

பதினோராவது நாள்.
தோ பாயோவில் ஒரு மின்தூக்கி
ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவே நின்றுகொண்டு
வரமாட்டேன் என்றது.
மூன்று மணி நேரம் மல்லுக்கட்டிக்
கீழே இறக்கியதும்
வலதுகை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.
உள்ளே இருந்தது
ஒரு பொட்டலம் ஆசாம் போய்.
கை நம்பவில்லை.
இன்னொரு தடவை தடவிப் பார்த்தது.

இருபத்தாறு வருடம் புகை விட்டவன்
இப்போது புகையை விட்டுவிட்டேன் என்கிறேன்.
இரண்டுக்கும் ஒரே சொல்.
அஞ்சலைக்கு இது சிரிப்பு:
"எத்தனை தடவைதான் விடுவீங்க?"
போன தீபாவளிக்கு ஒருமுறை விட்டேன்.
அதற்கு முன்னால்
மகளுக்குப் பரீட்சை முடிந்த அன்று.

காலையில் ஆசை வந்தாலும்
மரியாதையாகப் போய்விடும்.
சோற்றுக்குப் பின்னால்தான்,
கோப்பி ஓ முதல் மடக்கு இறங்கியதும்,
நாக்கின் அடியில் ஒரு நமைச்சல் கிளம்பி
முழங்கைவரை ஓடும்.
இன்று கடிகாரம் பார்த்தேன். நான்கு நிமிடம்.

மின்தூக்கியும் இப்படித்தான்.
யாரோ பொத்தானை அழுத்திவிட்டுப்
படியில் இறங்கிப் போயிருப்பார்கள்.
அது பாட்டுக்கு வந்து நிற்கும்,
கதவைத் திறக்கும்,
யாரும் ஏறாவிட்டால்
மூடிக்கொண்டு போய்விடும்.

நன்றாகத்தான் பேசுகிறேன்.
நேற்று ராத்திரி பதினொன்றரைக்குப்
புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையில்
வெள்ளியை நான்காய் மடித்துக்கொண்டு நின்றவனும்
நான்தான்.
சிகரெட்டை அங்கே மூடிய அலமாரிக்குள் வைத்திருப்பார்கள்.
எந்தக் கதவுக்குப் பின்னால் எது என்று
எனக்குத் தெரியும்.
நான் வாய் திறக்கும் முன்பே
கடைப்பையன் திரும்பி
சரியான கதவில் கை வைத்துவிட்டான்.
ஒரு போத்தல் தண்ணீர் வாங்கினேன்.
வீடுவரை அதைத் திறக்கவில்லை.

உண்மையில் புகைகூட இல்லை
எனக்குக் குறை.
தரையில் மஞ்சளாய் வரைந்த அந்தக் கட்டம்.
அதற்குள் நின்றால் அபராதம் இல்லை.
அதற்குள் வைத்துத்தான் ஹைருல் சொன்னான்,
அவன் அப்பாவுக்கு இனி மருந்து வேண்டாம் என்று
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று.
ஆ ஹுவாட்டின் கடன், என் முதுகுவலி,
எல்லாம் அதற்குள்தான்.
ஒரு சிகரெட் நீளத்துக்குப் பேச்சு.
கோட்டைத் தாண்டினால்
யாரும் அதைத் தொடர்வதில்லை.

இன்று மூன்று மணிக்கு
அவர்கள் உள்ளே, நான் வெளியே.
பூட்ஸ் முனை மஞ்சளில் படாமல்,
தாமதமாக வந்து
பரீட்சை மண்டப வாசலில் நிற்பவன்போல.
கன்னத்தில் புளிப்புக் கொட்டை.
காற்று என் பக்கம் திரும்பியது.
மறைக்க என்ன இருக்கிறது,
மூச்சைக் கொஞ்சம் பெரிதாகத்தான் இழுத்தேன்.

ஹைருல் பார்த்துவிட்டான்.
ஒன்றும் சொல்லாமல்
கட்டத்தின் அந்தக் கோடிக்கு நகர்ந்து
முகத்தைத் திருப்பி ஊதினான்.
ஆ ஹுவாட்டையும்
தோளைப் பிடித்துத் திருப்பி வைத்தான்.
இரண்டு முதுகுகளைப் பார்த்தபடி நின்றேன்.
அப்படி ஒரு கோபம் வந்தது.
யார்மேல் என்று தெரியவில்லை.

நசுக்கிப் போட்டுவிட்டு வந்து
ஹைருல் கையை நீட்டினான்:
"ஒன்று கொடு."

பொட்டலத்தை எடுத்தேன்.
பழக்கம்.
அடியில் இரண்டு தட்டுத் தட்டி
ஒன்றை மட்டும் வாய்க்கு மேலே எழுப்பி
நீட்டினேன்.