அலுமாரிக்குப் பின்னால் ஒரு கோடு

போன வெள்ளம் ஹோல் சுவரில் ஒரு கோடு போட்டது.
தரையிலிருந்து மூன்றடி இரண்டங்குலம்.
தையல்நாடாவால் அளந்தது நான்தான்,
சேறு காயும் முன்னம்.
மூன்று தரம் பெயின்ற் அடித்தும்
பழுப்பாய் ஊறி ஊறி வெளியே வருகிறது.

மாரி தொடங்க இன்னும் ஆறு கிழமை.
சந்திவெளிக் கடைக் கலண்டரில் ஒரு தாள் கிழித்து
பின்பக்கம் திருப்பி, நடுவில் ஒரு கீறு.
இந்தப் பக்கம் அரசாங்கம். அந்தப் பக்கம் கொம்பனி.

அரசாங்கத்தின் பக்கத்தில்
கட்டுப்பணம்: சைபர்.
எழுதின உடனே மனசு குளிர்ந்தது. பிறகுதான்
ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கின:
ஜி.எஸ். கடிதத்துக்கு ஒரு நாள்,
அவர் கூட்டத்துக்குப் போயிருந்தால் இன்னொரு நாள்,
பிரதேச செயலகத்துக்கு ஓட்டோ,
போட்டோக் கொப்பி, அது தெளிவில்லை என்று இன்னொரு கொப்பி.
போன தரம் பதினாலு மாதம் கழித்து வந்த காசில்
கதவு வாங்கலாம்.
நிலை வாங்க ஏலாது.

கொம்பனியின் பக்கத்தில்
வருடத்துக்குப் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது.
சேதத்தில் முதல் அம்பதாயிரம் என்னுடையது,
மேலே உள்ளது அவர்களுடையதாம்.
டிலக்சன் தம்பி ஹெல்மெட்டைக் கழற்றாமலே
உரிமையாளர் என்ற இடத்தில்
இவருடைய பெயரை எழுதத் தொடங்கினான்.
"வீடு எனக்குத் தந்த சீதனம். என்ட பேரை எழுதுங்க."
வெட்டினான்.
வெட்டின இடத்தில் நான் ஒப்பம் வைத்தேன்.
தேத்தண்ணி கொண்டுவந்த கருணைநாதன்
தன் பெயர் வெட்டுப்பட்டுக் கிடப்பதை
எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினோராம் பக்கத்தில் ஒரு வாசகம்:
ஆறு தானாய்ப் பெருகினால் வெள்ளம்.
குளத்துக் கதவை மனுசர் திறந்துவிட்டால் அது வேறு.
"அப்ப முண்டனை ஆத்துத் தண்ணியும்
குளத்துத் தண்ணியும் சேந்து படியேறினா?"
தம்பி பேனையைக் காதில் சொருகினான்.
"அத மேலிடத்தில கேக்கணும் அக்கா."
இரவு ரெண்டு மணிக்கு ரோச் வெளிச்சத்தில்
வாசலை மறித்து நின்று,
நீ ஆர், எந்தப் பக்கத்தால வாறாய் என்று
தண்ணியிடம் நான் விசாரித்து வைக்கவேணுமாக்கும்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துவிடலாம்.
கணக்கில் அடங்காதது அந்தக் கோடு.
வெள்ளத்துக்குப் பிறகு வருகிற உத்தியோகத்தருக்கு
கோடு உயர உயரத் தொகை கூடும்.
வெள்ளத்துக்கு முன் வருகிற கொம்பனிக்கும்
கோடு உயர உயரத் தொகை கூடும்,
நான் கட்டவேண்டிய தொகை.

ஜி.எஸ். வந்த அன்று இரும்பு அலுமாரியை
இருவருமாய் இழுத்து விலக்கினோம்.
செவ்வாய்க்கிழமை மதிப்பீட்டாளர் என்றதும்
திங்கள் இரவு
பிள்ளைகள் எழும்பாமல் திரும்பத் தள்ளினோம்.

ஏறாவூரிலிருந்து வந்தவர் ஒரு பெண். சுஹைறா.
ஓடு பார்த்தார். யன்னல் பார்த்தார்.
கிணற்றுக்கும் வாசலுக்கும் இடையே எட்டு வைத்து நடந்தார்.
சுவரைக் கேட்கவே இல்லை.
போகும்போது செருப்பை மாட்டக் குனிந்தவர்
சீமெந்துத் தரையில்
அலுமாரிக் கால்கள் போன நாலு வெள்ளைக் கீறலை
கொஞ்ச நேரம் பார்த்தார்.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும்.
"தண்ணி வந்தா உம்மாவத் தூக்கி நாங்க
லொறியில ஏத்துற" என்றார், கேட்காமலே.
பிறகு எழுதினார். என்ன எழுதினார் என்று
எட்டிப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை கோல் வந்தது.
இருபத்தோராயிரத்து முந்நூறு.
கூடின ரெண்டாயிரத்து ஐந்நூற்றைம்பதும்
கீறல் கணக்கு.

வானம் மூசாப்பாய்க் கிடக்கிறது.
கலண்டர்த் தாளில் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டன.
ஓரத்தில் நெருக்கி எழுதுகிறேன்:
புளொக் கல் ஒன்று நூற்றிருபத்தைந்து.
அதே காசுக்கு நூற்றெழுபது கல்.
மிச்சம் அம்பது ரூபா.