சில்லறை

எங்கள் மாவட்டத்தில் பெயரை வைத்து
ஆளைச் சொல்லிவிட முடியாது.
ஜெபின், ஷெரின், மெர்லின், லிபின்.
வகுப்பில் பாதிப் பேர் 'இன்'னில்தான் முடிகிறோம்.
நான் ஜெர்லின்.
பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்
புஷ்பம்தான் பிரச்சினை.

கெசட்டில் வரட்டும், அப்புறம் பல்கலைக்கழகம்,
அதுக்கும் அப்புறம் இங்க வா என்றார்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆபீஸ் கிளார்க்.
அதுவரை ஹால் டிக்கெட்டில் புஷ்பம்.
ரெக்கார்டு நோட்டில் புஷ்பம்.
அடையாள அட்டையில் இரட்டைச் சடையோடு
பதினேழு வயதுப் புஷ்பம்,
முகம் உள்பக்கமாகத் திரும்பி
என் சட்டைப் பொத்தான்களைப் பார்த்தபடி தொங்குகிறாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு வெள்ளி, ஆசாரிபள்ளம்.
மருந்து எண்ணெய்போல் கெட்டி,
இறங்க நேரமெடுக்கும்.
கரிம வேதியியல் இரண்டு மணி நேரம் போய்விடும்.
விடுப்புக் கடிதத்தில் ஐந்து முறை காய்ச்சல்,
ஒரு முறை மாமா கல்யாணம்.
மாமாவுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள்.
வருகைப் பதிவு எழுபத்து மூன்று சதவீதம்.

ஐப்பசி பிறந்தால் நெஞ்சை இறுக்கும் பட்டை காயாது.
இருப்பதோ ஒன்று.
பக்கத்து வீட்டுப் புகைப்புரையில்
ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே
யாரும் பார்க்காமல் தொங்கவிட்டு
வெளுக்குமுன் எடுத்து வருவேன்.
லேபில் சஜுமோன் மூக்கைச் சுருக்குவான்:
"என்ன மக்கா, பால் வெட்டிட்டா வாற?"
ஆமா என்பேன்.
அந்த ஆமா
ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கீழே இறங்கியது.

வைவாவில் பென்சீன் என்று ஆரம்பித்தேன்,
நடுவில் குரல் இரண்டாகப் பிளந்தது.
வெளியூர் தேர்வாளர் தலை நிமிர்ந்தார்.
"ஜலதோஷம் சார்" என்றார் அனிலா மிஸ்,
மார்க் பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.
அவரிடம் நான் எதுவும் சொன்னதில்லை.

அண்டி ஆபீஸ் விட்டு வரும் அம்மாவுக்கும்
தொண்டைதான் கவலை.
"ஒனக்க தொண்டைக்கு என்ன பற்றிச்சு மோளே?"
சுக்கு, நல்லமிளகு, கருப்பட்டி.
நாலு மாதமாய்
நோயில்லாத தொண்டைக்கு
மருந்து குடிக்கிறேன்.

நேற்று அழகியமண்டபத்தில் ஏறினேன்.
மூன்று வருடமாய்
கேட்காமலே கிழித்துத் தருவார்கள் பெண்களுக்கான சீட்டு,
காசில்லாமல் மடியில் வந்து விழும்.
நேற்று புது கண்டக்டர்.
தோளில் தட்டினார்.
"எங்க போணும் தம்பி?"

பார்வதிபுரம்.
"பதினாறு எடு."

பையில் பன்னிரண்டுதான் இருந்தது.
பின் இருக்கையிலிருந்து நாலு ரூபாயை நீட்டினான் சஜுமோன்,
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.
தக்கலை வந்தது, வில்லுக்குறி வந்தது,
சீட்டை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தேன்.
இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி
வடசேரி வரை போய்விட்டேன்.

சட்டையை நனைக்குமுன் பையைத் துழாவினாள் அம்மா.
"பொம்பளையளுக்குச் சும்மாதானே?
எதுக்கு டிக்கெட் எடுத்த?"
"கேட்டாரு. குடுத்தேன்."

பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தாள்.
அண்டிப்பால் தின்ற விரல் நுனிகளில்
அந்தச் சின்னத் தாள் சரியாக நிற்கவில்லை.
துணியை நனைத்தாள். விளக்குமாற்றை எடுத்தாள், வைத்தாள்.
ராத்திரி சுக்குக் காப்பி போடவில்லை,
வெறும் கட்டன்சாயா.

காலையில் என் பைமேல்
கொஞ்சம் காசு, எல்லாம் நாணயம்.
முப்பத்திரண்டு ரூபாய்.

"போக பதினாறு, வர பதினாறு.
எண்ணிப் பாத்துக்க மக்களே,"
அடுப்படியிலிருந்து சத்தம் மட்டும் வந்தது,
"நோட்டை நீட்டினா அந்தாளு ஏசுவான்."