பூட்டு ஒன்று, விலை முப்பத்தெட்டு மார்க்

பொருள் இருப்புப் பதிவேடு, பக்கம் தொண்ணூற்று நான்கு:
தொடக்கப்பள்ளி, பின்கதவு, பூட்டு ஒன்று, உடைக்கப்பட்டது.
'யாருடைய உத்தரவு' என்ற கட்டம்
ஏழு மாதமாகக் காலி.
வியாழக்கிழமை சரயேவோவிலிருந்து
தணிக்கைக்காரர் வருகிறார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதுதான்
எங்கள் நகராட்சியின் வேதம்.
அன்றிரவு போஸ்னா ஆறே படியேறி வந்து
எங்களை அளந்தது:
வாசலில் முழங்கால்,
வரி வசூல் பிரிவில் இடுப்பு,
ஆவண அறையில் கழுத்து.

நெருக்கடிக் குழுவில் ஒன்பது பேர்.
ஐவர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.
நால்வர் வந்திருந்தார்கள்.
ஐந்தாமவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று
டார்ச் விளக்கை ஆட்டிக்கொண்டிருந்தார்.
வருகை என்று எழுதலாமா என்று கேட்டேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குள் வைபரில் ஒரு குழு.
பெயர்: 'தண்ணீர் எதுவரை'.
தொடங்கியவள் அஸெமினா,
பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருப்பவள்.
நள்ளிரவில் நாற்பது பேர், விடிவதற்குள் நாலாயிரம்.
யாரிடம் படகு, யாரிடம் டீசல்,
எந்தக் கூரையில் எத்தனை தலை,
இன்சுலின் யாருக்கு.
நிகழ்ச்சி நிரல் இல்லை, முன்மொழிபவர் இல்லை.
ஜெவாத் என்றொருவன் கேட்டான்:
பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, சாவி எங்கே?

சாவி என் மேசை இழுப்பறையில்.
மேசை தண்ணீருக்கு அடியில்.
நானும் அந்தக் குழுவில் இருந்தேன்,
ஒரு பூனைப் படத்துக்குப் பின்னால், வேறு பெயரில்.
'உடையுங்கள்' என்று தட்டினேன்.
பதினெட்டு வருட உத்தியோகத்தில்
மேலொப்பம் இல்லாமல் நான் எழுதிய முதல் சொல்.

மூன்று மணிக்கு எவனோ
அணை உடைந்துவிட்டது என்று எழுதினான்.
இருநூறு கார்கள் ஒரே சாலையில் முட்டி நிற்க
நடுவில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டிருந்தது.
அணை உடையவில்லை.
எழுதியவன் அழித்துவிட்டான், வாக்கியத்தை மட்டும்.

ஹாஸிப் துராக்கை எந்தக் கூரையிலும்
யாரும் எண்ணவில்லை.
அவரிடம் கைபேசி கிடையாது.
குப்பை வரிப் பேரேட்டில் இருந்தார்:
கதவு எண் பதினொன்று, தனி ஆள், ஒரு தொட்டி.
ஜனவரிதோறும் வந்து சண்டை போடுவார்,
தனி ஆளுக்கு அரைத் தொட்டிதான் என்று.
பேரேடு நனைந்திருந்தது.
எனக்கு ஞாபகம் வந்தபோது மதியம்.
படகு போயிற்று.
அவசரமில்லாமல் திரும்பியது.

இப்போது மேயருக்கு அந்தக் குழு வேண்டுமாம்.
முறைப்படுத்த வேண்டும் என்கிறார்,
பொறுப்பு அலுவலர் ஒருவர், படிவம் ஒன்று, கடவுச்சொல் நகராட்சியிடம்.
அஸெமினா பதில் எழுதினாள்:
தாராளமாக. முதலில் மருத்துவமனைச் சாலையின் குழியை
முறைப்படுத்துங்கள்.
அவள் எழுதிய கடிதத்துக்கு
வரவு எண் போட்டவள் நான்தான்.

நேற்று குழுவில் கேட்டேன்:
பூட்டை உடைக்கச் சொன்னது யார்?
சாயங்காலத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
கட்டத்தின் அகலம் நான்கு சென்டிமீட்டர்.
பூனையை எடுத்துவிட்டு
என் பெயரையும் சேர்த்து,
தாளை ஒட்டி ஒட்டி மடித்து வைத்திருக்கிறேன்.
பதிவேடு சரியாக மூடவில்லை.

ஹாஸிப் துராக்குக்கு இந்த மாதமும்
குப்பை வரிச் சீட்டு போயிருக்கிறது,
முழுத் தொட்டிக்கு.
அதை நிறுத்தும் படிவம் எது என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.